இரண்டேகால் மணித்தியாலம்

"ஒரு வீட்டில இரண்டேகால் மணித்தியாலமோ? கலியாணம் பேசவா போனனீர்?"

மேலதிகாரி தயாபரன் கேட்ட கேள்விக்குச் சிவரூபி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் அறுபது கேள்வி கேட்டு, பதிலை டப் என்கிற கைக்கணினியில் பதிகிற வேலை. அவள் சேர்ந்து ஆறு நாள்தான் ஆகிறது. கூட வேலை செய்கிற பிரதீபன் ஒரு நாளில் ஒன்பது வீட்டை ஊதித் தள்ளிவிடுகிறான். இவளுக்கு இரண்டு வீட்டோடு பொழுது சாய்ந்துவிடுகிறது.

"அந்த வீட்டில கதை வர நேரம் எடுத்தது சேர்."

"கதை கேக்கவோ உமக்குச் சம்பளம்?"

"சேர், இந்த வேலையை நம்பித்தான் எங்கட வீட்டில அடுப்பு எரியுது."

தயாபரனுக்கு இந்தத் துறையில் பதினைந்து வருட அனுபவம். சனத்தை எப்படிப் பேச வைப்பது என்று புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரே அவர்தான். பயிற்சி தொடங்கும்போதெல்லாம் தான் எடுத்த ஒரு படத்தைத் திரையில் போட்டுக் காட்டுவார். வெறும் சோற்றுக் கோப்பையோடு நிற்கும் இரண்டு பிள்ளைகள். நிறுவனத்தின் கலண்டரில் யூன் மாதத்துக்கு வந்த படம். "உண்மையை இப்பிடிக் கொண்டு வரவேணும்" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கே உடம்பு சிலிர்க்கும்.

மறுநாள் காலை, சிவரூபியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தர்மபுரத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். அந்த இரண்டேகால் மணித்தியால வீட்டை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைப்பதாக உத்தேசம்.

வீட்டுக்காரி நேசமலர் மாமர நிழலில் சாக்கை விரித்துக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவரை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணியும் வந்தது.

தயாபரன் டப்பைத் திறந்தார்.

"மூண்டு வேளையும் சாப்பாடு இருக்கோ அம்மா?"

"ஓம் ஐயா. ஒரு குறையுமில்லை."

சிவரூபி பதிந்திருந்தது: இரவில் பிள்ளைகளுக்கு மட்டும். தாய் சாப்பிடுவதில்லை.

"மகன் பள்ளிக்கூடம் போறவரோ?"

"ஓம், ஒழுங்காப் போறான்."

பதிவில்: தை மாதத்தோடு நின்றுவிட்டான். அரிசி ஆலையில் வேலை.

"வீட்டுக்காரர் எங்கை?"

"வவுனியாவில வேலை. மாதா மாதம் வாறவர்."

பதிவில்: எட்டு மாதமாக வரவில்லை.

சிவரூபி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள். தயாபரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை, என்ன?"

"பெரிசா ஒண்டும் கேக்கேல்லை ஐயா. என்னோட இருந்து கச்சான் உடைச்சவா."

"இரண்டேகால் மணித்தியாலமும் கச்சானோ! அவ்வளவையும் தன்ரை எண்ணத்துக்குப் பொய்யா எழுதியிருக்கிறா. இண்டையோட அவவுக்கு வேலை இல்லை."

பேனையை எடுத்தார். நேசமலரின் கை அப்படியே நின்றது.

"ஐயோ, அவா எழுதினதில ஒரு பொய்யுமில்லை ஐயா. நான் இப்ப உங்களுக்குச் சொன்னதுதான் பொய்."

"ஏன் அம்மா?"

"கந்தோர், நிறுவனம் எண்டு வாற ஆக்களுக்குக் குறையில்லை எண்டுதான் சொல்லுறனான். முந்தி ஒருக்கா உள்ளதைச் சொன்னனான். பத்து வருசமிருக்கும். பிள்ளையளின்ரை கையில வெறும் கோப்பையைக் குடுத்து நிக்க வைச்சுப் படம் எடுத்தவை. அது கலண்டரில வந்தது. மகளின்ரை வகுப்புச் சுவரிலயே கொழுவியிருந்தது. மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணி, அந்த யூன் மாதம் முடியுமட்டும் அவள் பள்ளிக்கூடப் பக்கம் போகேல்லை."

தயாபரன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அப்ப... இந்தப் பிள்ளைக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"அவா வந்து நிலத்தில இருந்தா. டப்பைப் பைக்குள்ள வைச்சிட்டா. நான் கதைக்காம இருந்தா, அவாவும் பேசாம இருந்தா. எனக்கு அழுகை வந்தநேரம் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு கச்சானை உடைச்சா. கடைசியா, 'இதுகளை எழுதட்டோ அக்கா' எண்டு கேட்டுப்போட்டுத்தான் எழுதினவா. கன நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் நான் நல்லா நித்திரை கொண்டனான் ஐயா."

தயாபரன் கதிரையை விட்டு இறங்கிச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு கச்சானை எடுத்தார்.

"தங்கச்சி, அந்தப் படம்..."

"தெரியும் ஐயா. படலையைத் திறந்து உள்ளுக்கு வரேக்கையே உங்களைக் கண்டுபிடிச்சிட்டன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெரிந்துகொண்டே அல்லவா இவள் கதிரை போட்டிருக்கிறாள், தேத்தண்ணி தந்திருக்கிறாள்!

நேசமலர் இரண்டு கையாலும் கச்சானை அள்ளினாள்.

"இதை அந்தப் பிள்ளையிட்டைக் குடுத்துவிடுங்கோ. சுத்திறதுக்கு ஒரு கடதாசி இருக்கோ?"

தயாபரன் பையிலிருந்த கடிதத்தை எடுத்துச் சுருளாகச் சுற்றி நீட்டினார். அவள் அது நிறையக் கச்சானைப் போட்டாள்.

"பழசை நினைச்சு மனவருத்தப்படாதேங்கோ ஐயா. இந்தப் பிள்ளையை என்ரை வீட்டுக்கு அனுப்பினதும் நீங்கள்தானே!"