உள்ளே ஆள் இருக்கு

"அம்மா, இது வீடு இல்ல. வெளிய வாங்க."

காவலாளி மூன்றாவது முறையாகச் சொன்னார். காட்சிக்கூடத்தின் நடுவே தகரக் கூரை, இரண்டு மரக் கதவுகள், ஒரு ஜன்னல் என்று நின்றது அந்தப் படைப்பு. 'புகலிடம்' என்று பெயர்ப் பலகை. அதன் கீழேயே 'தொடாதீர்கள்'. உள்ளே பாயை விரித்துப்போட்டு ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய எட்டு வயது மகள் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு காய்ந்தது.

"வீடு இல்லேன்னா கூரை எதுக்கு, கதவு எதுக்கு?"

"அது பாக்கறதுக்கும்மா. இருக்கறதுக்கு இல்ல."

"பாத்துட்டேன். அதான் இருக்கேன்."

காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்குப் போட்டி நடுவர் வருகிறார். வேலைக்குச் சேர்ந்தே நான்கு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு சிற்பத்தின் நீட்டிய கையில் தன் குடையை மாட்டிவைத்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

"தங்கச்சி, நானும் பிள்ளைகுட்டிக்காரன். என் வயித்துல அடிக்காதே."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. போறப்ப அந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க. கீழ்க் கீல் ஆடும்."

அவரும் தூக்கிச் சாத்தினார். சாத்திய பிறகுதான், தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. அதற்குள் நடுவர் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

நடுவர் படைப்பை இரண்டு முறை சுற்றினார். துண்டை விலக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காவலாளி கண்களை மூடிக்கொண்டார்.

"பாப்பா, இந்தக் கூரைக்குக் கீழ உனக்கு என்ன தோணுது?"

"பசிக்குது."

நடுவருக்குக் கண் கலங்கியது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"நீங்க சொல்லுங்கம்மா, ஏன் இங்க வந்து தங்கினீங்க?"

"வேற எங்க போகச் சொல்றீங்க?"

நடுவர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார். "மத்தவங்க மரத்தையும் தகரத்தையும் வெச்சதோட நிறுத்திட்டாங்க. இவர் மனுஷங்களையே குடிவெச்சிருக்கார். முதல் பரிசு இதுக்குத்தான். கலைஞரைக் கூப்பிடுங்க."

போன உயிர் திரும்பி வந்த காவலாளி, தேநீர் அறைக்கு ஓடினார். முதல் பரிசு என்று காதில் விழுந்ததுமே கலைஞர் கோப்பையும் கையுமாக ஓடிவந்தார். ஜன்னல் வரைக்கும் சிரித்த முகமாகத்தான் வந்தார். உள்ளே பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார்.

அந்தப் பெண் நிமிராமல் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"வாங்க. பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நம்ம வீட்டுக் கூரை, கதவு, ஜன்னல் எல்லாத்தையும் கழட்டிட்டு வந்துட்டீங்க. அந்த நாலு சுவரை மட்டும் யாருக்குன்னு விட்டு வெச்சீங்க?"