தாலாட்டு முடியும் வரை

கை கழுவும் விஷயமாயிற்றே, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் கை கழுவும் தொட்டியின் ஓரத்தில், பாதி கரைந்த ரோஸ் நிறச் சோப்பு ஒன்று இருந்தது. குழந்தை பிறந்ததும் இந்துமதி பயந்துபோய், கிருமி கொல்லும் திரவச் சோப்பு நிறைந்த பாட்டில் ஒன்றை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தாள். அதன் பிறகு பழைய சோப்பை அவள் தொடவே இல்லை. காய்ந்து வெடித்துக் கிடந்த சோப்பு அவள் விரல்களுக்காக ஏங்கியது.

"என்ன கிழவி, இன்னும் அவள் கையையே பார்க்கிறாயா? உன்னால் ஒரு கிருமியையாவது கொல்ல முடியுமா?" என்று பாட்டில் சிரித்தது.

"கொல்லத் தெரியாதுடி அம்மா. ஒட்டியிருப்பதைக் கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுவேன். அதற்குக் கொஞ்ச நேரம் அவள் கையில் இருக்கணும்."

"நேரமா! என்னை ஒரு அழுத்து அழுத்தினால் போதும்."

பச்சைமிளகாய் அரிந்துகொண்டிருந்த இந்துமதி, குழந்தை அழுவதைக் கேட்டு ஓடிவந்தாள். பாட்டிலை ஒருமுறை அழுத்தி, கையை நனைத்து உதறிவிட்டு ஓடினாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டதுதான் தாமதம், அது வீறிட்டது.

"நான் கிருமிக்குத்தான் வந்தேன். மிளகாய்க்கு நானா பொறுப்பு?" என்று பாட்டில் முணுமுணுத்தது.

கணவன் குழந்தையின் கன்னத்தைக் கழுவிச் சமாதானப்படுத்த, இந்துமதி கண்ணீரோடு திரும்பி வந்து சோப்பை எடுத்தாள். விரலிடுக்கிலும் நகத்தடியிலும் நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். அவசரம் வந்துவிடக் கூடாதென்று, தொட்டிலருகே பாடும் தாலாட்டை கை கழுவும் தொட்டியருகிலேயே நின்று முழுவதும் பாடி முடித்தாள். பிறகுதான் குழந்தையைத் தூக்கினாள். அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் சோப்பு கொஞ்சம் கரைந்தது. தாலாட்டில் இன்னும் ஒரு வரி இருக்கக் கூடாதா என்றுதான் அதற்கு இருந்தது.