மறைவு எத்தனை?

டீச்சர் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

வெளியே நான்கு புளியமுத்துகள் கிடந்தன.

கவிழ்த்த பிறகுதான் உறைத்தது. மூன்றை விட்டிருக்கலாம். இரண்டை விட்டிருக்கலாம். இன்றைக்கென்று பார்த்து நான்கை வெளியே விட்டிருக்கிறாள்.

இனி எடுக்க முடியாது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் பாயைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“மொத்தம் அஞ்சு. மறைவு எத்தனை?”

“ஒண்ணு!”

ஓடு பிரிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

மாரீஸ்வரி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலே ஏறியிருந்தது, மற்றது பிடரியில் தொங்கியது. அப்பா பின்னிவிட்டது.

இந்த விளையாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. கேள்வி முடியுமுன் விடை வந்துவிடும். சில நாள் டீச்சர் வேடிக்கைக்காக முத்தைச் சிரட்டைக்கு அடியில் வைக்காமல் தன் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருப்பாள். அதையும் மாரீஸ்வரிதான் முதலில் கண்டுபிடிப்பாள்.

சிரட்டையின் முதுகில் சாக்பீஸால் எழுதியிருந்தது. மறைவு.

எழுதியவள் டீச்சர்தான். மூன்றே எழுத்து, ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. கணக்கோடு படிப்பும் ஒட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். ஒட்டிக்கொண்டது. ம, றை, வு என்று பிள்ளைகள் ராகம் போட்டுப் படிப்பார்கள்.

பள்ளி வாசலை ஒட்டி இரண்டு சவுக்குக் கம்பு நட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பட்டாசு ஆலை வெடித்ததில் போன ஆறு பேர். மூன்றாவது படம் மாரீஸ்வரியின் அம்மா. கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். அதனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு முகத்துக்கும் கீழே இரண்டு தேதிகள்.

தோற்றம். மறைவு.

காலையில் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு அப்பா வாசலிலேயே நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புள்ளைக்கு இன்னும் சொல்லல டீச்சர். அம்மா வெளியூர்ல வேலைக்குப் போயிருக்கான்னு வச்சிருக்கோம். இந்த போர்டு, நல்லா வேலை பாத்தவங்களுக்கு வைக்கிறதுன்னு சொல்லிட்டேன். கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க.”

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

“அவளுக்கு எங்க படிக்கத் தெரியப்போகுது” என்று அவரே முடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முத்துகள் பாயில் அப்படியே கிடக்க, இடைவேளையில் டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தாள்.

மாரீஸ்வரி ஃப்ளெக்ஸின் அடியில் நின்றிருந்தாள். கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மெதுவாக, ஒரு பக்கமாகத் தூக்கினாள்.

சிரட்டையை அப்படித்தான் தூக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

குனிந்து உள்ளே பார்த்தாள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்ப வந்து, இன்னொரு முறை தூக்கினாள்.

மணி அடித்தது.

நேரே பாய்க்குத்தான் வந்தாள். கை நிறைய மண்.

“டீச்சர், அடியில ஒண்ணுமே இல்ல.”

பிள்ளைகள் யாருக்கும் எதுவும் புரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபராணிக்குத்தான் அவசரம். “டீச்சர் கையில இருக்கும்டி. அவங்கதான எப்பவும் ஒளிச்சு வைப்பாங்க.”

மாரீஸ்வரியின் கண் டீச்சரின் வலது கைக்குப் போனது.

அது மூடியிருந்தது. எப்போது மூடியதென்று டீச்சருக்கே தெரியவில்லை.

வெளியூர். வேலை. நல்லா வேலை பாத்தவங்க. அப்பா கொடுத்துவிட்டுப் போன சொற்கள் நாக்கு நுனியில்தான் இருந்தன. சொன்னால் பிள்ளை நம்பிவிடும். டீச்சர் சொன்ன எதையும் இதுவரை அது நம்பாமல் இருந்ததில்லை.

டீச்சர் பாயில் மண்டியிட்டாள். பிள்ளையின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

ஒவ்வொரு விரலாகத் திறந்தாள்.

“சைபர்!” என்று வகுப்பு கத்தியது. பழக்கிய பழக்கம். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள்.

மாரீஸ்வரி அந்த வெறும் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்தாள். பாயிலிருந்த முத்துகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தாள். அப்பா. அண்ணன். தம்பி. நான்.

“அப்ப மொத்தமே நாலுதானா டீச்சர்?”

சுவரில் சார்ட் தொங்கியது. எப்படிப் பிரித்தாலும் ஐந்து ஐந்துதான். கலர் பேனாவில், டீச்சரின் கையெழுத்தில்.

“ஆமாடா.”

பிள்ளை அழவில்லை. சிரட்டையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். நான்கையும் அதற்குள் போட்டாள். அடியிலிருந்த ஐந்தாவது பாயிலேயே கிடந்தது.

சிரட்டையின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டு மணிக்கும் கையை எடுக்கவில்லை.