நீலப் பிடிக் கத்தி

“இது வேண்டாமுங்க. தக்காளிக்குத்தான் ஆகும்,” என்று தேவி முதல் கத்தியை ஒதுக்கினாள்.

கோத்தகிரி மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தனசிங்கின் முகம் சுருங்கியது. அட்டைப்பெட்டி, வெல்வெட் துணி, மரப்பிடி என்று மாப்பிள்ளை கணக்காக இருந்த இன்னொரு கத்தியை எடுத்து வைத்தார். விலை ஆயிரத்து இருநூறு.

தேவி அதன் பல்லை நகத்தால் வருடிப் பார்த்தாள்.

ரொட்டி வெட்டுகிற கத்தி விஷயத்தில் அவளை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் ரொட்டியின் மேல்தோலில் வழுக்கும். ரொம்பக் கூராக இருந்தால் உள்ளே பஞ்சைப் பிய்த்துவிடும். நீளம் ரொட்டியின் அகலத்தைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் அமுக்கத்தான் தோன்றும். அமுக்கினால் ரொட்டி சப்பாத்தி ஆகிவிடும்.

இதை அவள் எங்கேயும் படித்ததில்லை. ரொட்டி சுடத் தொடங்கிய புதிதில், காய் அரிகிற கத்தியால் ஒரு வருஷம் ரொட்டியை நசுக்கி நசுக்கித் தெரிந்துகொண்டது.

கைப்பையில் கிணிங் என்றது. போனை எடுத்துப் பார்த்தாள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி.

‘மரப்பிடி வேண்டாம். மாவுக் கைக்கு வழுக்கும்.’

அனுப்பியவள் சசிரேகா. நாலடி தள்ளி, இட்லிப் பானைகளுக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

சசிரேகா, தேவியின் கணவனுக்கு அண்ணன் மனைவி. அரவேணுவில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. அங்கே ஓவன் வைத்து இருவரும் சுடுகிற ரொட்டி, பக்கத்து ஹோம்ஸ்டேக்களுக்குப் போகிறது. பிசைவதும் இப்போது வெட்டுவதும் சசிரேகா. சுடுவதும் விற்பதும் தேவி.

பேச்சு நின்று இரண்டு மாதம் ஆகிறது.

ஒரு ஹோம்ஸ்டேக்காரர் போனில் ரொட்டியைப் புகழ்ந்துவிட்டு, யார் செய்வது என்று கேட்டார். “நான்தானுங்க” என்று தேவி பெருமையாகச் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் சசிரேகா முழங்கைவரை மாவோடு நின்றிருந்தாள்.

அன்றைக்கே நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவி வாங்கிக்கொண்டிருப்பாள். சசிரேகா வாயைத் திறக்கவில்லை. வேலையிலும் குறை வைக்கவில்லை. ஈஸ்ட் தீர்ந்தது, குளிருக்கு மாவு உப்பவில்லை, கம்பளி போர்த்தியிருக்கிறேன், எல்லாமே போனில் வந்தன. தேவி நேரில் நின்று மன்னிப்புக் கேட்டாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

நேற்றுக் கணவன் வழியாக வேறொரு சேதி வந்தது. தை பிறந்ததும் தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணி நினைக்கிறாராம்.

தேவிக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. ரொட்டி போனால் போகிறது. சசிரேகா அக்கா இல்லாத சமையலறையில் அவளால் ஒரு டீகூடப் போட முடியாது.

“அதோ, அதைக் காட்டுங்க,” என்றாள்.

கேரட் சீவுகிற கருவிகளோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீல பிளாஸ்டிக் பிடி, நீளமான அலகு, அகலமான பல். ஓட்டல்காரர்கள் வாங்குகிற சரக்கு, வீட்டுக்கு அழகாக இருக்காது என்றார் தனசிங். விலை முந்நூறுதான்.

தேவி பையிலிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்தாள். மேஜைமேல் செய்தித்தாளை விரித்தாள். தனசிங் தடுப்பதற்குள் கத்தியை ரொட்டிமேல் வைத்து, அமுக்காமல், நீளமாக இழுத்தாள். மேல்தோல் நறுக்கென்று விட்டுக்கொடுத்தது. துண்டு அப்படியே சாய்ந்து விழுந்தது. தாளில் ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லை. பிடி உயரமாக இருந்ததால் விரல்முட்டி மேஜையில் இடிக்கவும் இல்லை.

“இதுதான்,” என்றாள் தேவி.

தனசிங் ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

தேவி கத்தியைத் துடைத்தாள். நேராக இட்லிப் பானைகள் பக்கம் போனாள். சசிரேகாவின் வலது கையைப் பிடித்து விரித்து, நீலப் பிடியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“ஏனுங்க அம்மிணி, கத்தியக் கைக்குக் கை குடுக்காதீங்க,” என்று தனசிங் பதறினார். “கீழ வெச்சு எடுக்கச் சொல்லுங்க. சண்டை வந்துருமுங்க.”

ஊரறிந்த சங்கதி. தேவிக்குத் தெரியாதா என்ன? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ஊசியைக்கூட அவள் அக்காவின் கையில் கொடுத்ததில்லை.

“வரட்டுமுங்க,” என்றாள்.

சசிரேகா கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். பிறகு தேவியைப் பார்த்தாள்.

“விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் பெசையறது நானு. பேரு மட்டும் உனக்கா? அப்படிச் சொல்ல எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?”

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குரலைக் கேட்டதும் தேவிக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இப்போது அழுதாலோ மன்னிப்புக் கேட்டாலோ சண்டை அந்த இடத்திலேயே அணைந்துபோகும். அதை விடக்கூடாது.

“நீங்க பெசஞ்சு வெச்சாப் போதுமா? அனல்ல நின்னு வேகறது ஆரு?” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு எகிறினாள்.

சசிரேகாவிடம் இரண்டு மாதத்துப் பதில் இருந்தது. ஆரம்பித்தாள்.