மோதினால் வரும் செய்தி

“‘இணைப்பு தோல்வி. மோதலைச் சரிசெய்யவும்.’ இதைப் படிச்சா உங்களுக்கு என்ன சார் புரியுது?” என்று கேட்டாள் அவள்.

“தலையும் புரியல, வாலும் புரியல,” என்று சிரித்தார் வந்திருந்த அதிகாரி.

மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பழைய செய்தியை எழுதியவர் அவர்தான்.

ஒரே கணினி நிரலில் பல பேர் வேலை செய்யும்போது, எல்லாருடைய மாற்றங்களையும் ஒன்றுசேர்க்கும் மென்பொருளை அந்த நிறுவனம் விற்றது. இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றிவிட்டால் மென்பொருள் திணறி நின்றுவிடும். நின்றதும் திரையில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை. புரியவைக்காமல் யாரையும் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘விளக்கம்’ என்றே பட்டப்பெயர்.

அதிகாரி, பேருந்து டிக்கெட் செயலி நடத்தும் நிறுவனத்திலிருந்து வந்திருந்தார். வாங்குவதும் வாங்காததும் அவர் கையில். அவர் தலையசைத்தால் இந்த வருஷம் இங்கே யாருக்கும் வேலை போகாது.

“நீட்டி முழக்காதேம்மா,” என்று மேலாளர் காதைக் கடித்தார். “‘என்னுடையதை வை’ன்னு ஒரு பட்டன் போட்டாப் போதும்.”

“அதை அமுக்கினா அடுத்தவர் உழைப்பு காத்துல போயிடும் சார். கொஞ்சம் பொறுங்க.”

அவள் முன்பதிவுக் குழுத் தலைவராக ஒரு கணினியிலும், மேலாளர் கட்டணக் குழுத் தலைவராக இன்னொன்றிலும் உட்கார்ந்து ஒரே வரியை மாற்றினார்கள். அவள் திரையில் அவளே எழுதிய புதிய செய்தி வந்தது.

‘பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. பாதி டிக்கெட் வயதை நீங்கள் ஐந்து என்று மாற்றினீர்கள். கட்டணக் குழுத் தலைவர் அதே வரியில் ஏழு என்று மாற்றியிருக்கிறார். அவருடன் பேசி, எது சரியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எண் கீழே.’

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

“எங்க ஆபீஸ்ல முன்பதிவுக் குழு ஒரு மாடி, கட்டணக் குழு ஒரு மாடி. ரெண்டு தலைவருக்கும் முகம் கொடுத்துப் பேசுற பழக்கமே கிடையாது. அவங்களுக்கு இது புரியுமா?”

“என் நாத்தனார் தையல் கடை வெச்சிருக்கா சார். அவகிட்டயே காட்டினேன். ‘அவருக்கு ஒரு போன் போடணும், அவ்வளவுதானே அண்ணி’ன்னுட்டு ஊசியில நூல் கோக்கப் போயிட்டா.”

“அப்போ அவங்களே நேரா பேசித் தீர்த்துக்குவாங்க?”

“பேசாம இருக்கவே முடியாது சார்!”

“யார் எதை மாத்தினாங்கன்னு வேற யார்கிட்டயும் கேக்க வேண்டாம்?”

“வேண்டவே வேண்டாம். எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கு.”

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் குரல் ஒரு படி ஏறியது. ஆள் மடங்கிவிட்டார், கையெழுத்துதான் பாக்கி என்று அவளுக்குத் தோன்றியது. மேலாளர்கூட முறைப்பதை விட்டுவிட்டு, காபி சொல்லட்டுமா என்று எழுந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா எங்களுக்கு வேண்டாம்.”

மேலாளர் அப்படியே நின்றார். “நீளம் ஜாஸ்தின்னு நான் அப்பவே சொன்னேன்!”

“நீளமெல்லாம் இல்ல சார்,” என்றார் அதிகாரி.

“எந்த இடம் புரியலைன்னு சொல்லுங்க, இப்பவே மாத்தித் தர்றேன்,” என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

“எல்லாமே நல்லாப் புரியுதும்மா, அதான் வம்பு,” என்று பையை எடுத்துக்கொண்டார் அதிகாரி. “மாடி ஏறி இறங்கி, இவர் என்ன சொன்னார்னு அவர்கிட்டயும், அவர் என்ன சொன்னார்னு இவர்கிட்டயும் சொல்றதுக்குத்தான் அங்கே எனக்குச் சம்பளம்.”