பொம்மைக்கு அப்பன்

மனைவி இறந்து மூன்று மாதமாக நான் யார் வீட்டுக்கும் போகவில்லை. நண்பன் கெல்வின்தான் வலுக்கட்டாயமாகக் கார்னிவல் வேஷத் திருவிழாவுக்கு இழுத்து வந்தான்.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத் தெருமுனையில் ஒரு பேபி டால் வேஷக்காரி என் சட்டையைப் பிடித்தாள். முகமூடி, லேஸ் வைத்த தொப்பி, கையில் துணி சுற்றிய பொம்மை. கண்ணில் பட்ட ஒவ்வொரு ஆணையும் பொம்மைக்கு அப்பன் என்று சொல்வதுதான் இந்த வேஷத்தின் வேலை. அவன் மறுக்க வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும்.

"ஓடிப்போனவனே! இது உன் பிள்ளைடா!" என்று கீச்சுக்குரலில் கத்தினாள்.

"ஆளை விடும்மா, நான் இல்ல."

"பெத்தவன் நீ, சுமக்கிறவ நானா? மூக்கைப் பாரு, அச்சு அசல் உன் மூக்கு!"

"காதும் இவன் காதுதான். மாட்டுனடா லெஸ்ட்டர்!" என்றான் கெல்வின்.

கூட்டம் கைதட்டியது. எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. நானும் குரலை உயர்த்தினேன்.

"சத்தியமா சொல்றேன், இந்தப் பிள்ளை மூஞ்சியை நான் ஒருநாளும் பார்த்ததில்ல!"

கூட்டம் விசிலடித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றினாள். என் மனைவியின் தங்கை ரொவீனா.

"உண்மைதான் லெஸ்ட்டர்," என்றாள், தன் சொந்தக் குரலில். "இவளைப் பெத்துட்டு அக்கா செத்தா. நீ அப்பவே ஆஸ்பத்திரிய விட்டுப் போயிட்ட. எத்தனை தடவை ஆள் அனுப்பினேன்! இப்பவாவது பாரு."

கூட்டத்துக்கு இதுவும் வேஷம்தான். இன்னும் பலமாகக் கைதட்டியது.

ரொவீனா துணியை விலக்கினாள். பொம்மை கொட்டாவி விட்டது.