நீலக்கிளிக்கு எந்த ஊர்?

முட்டையிடும் நாள் நெருங்கியும் நீலக்கிளிக்குப் பொந்து அமையவில்லை. புறநகரின் கடைசித் தெருவில், பட்டுப்போன தென்னையில் இரண்டு பொந்துகள் இருந்தன. ஒன்றில் மைனா குடியிருந்தது. இன்னொன்று காலி. கிளி போய்க் கேட்டது.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றது மைனா.

"இதே தெருதான். அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால பொறந்தேன்."

"அது சரி. சொந்த ஊரு?"

"பொறந்த ஊரு சொந்த ஊரு இல்லையா?" கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைனா எதிர்மாடியைக் காட்டியது. அங்கே ஒரு குடும்பமே செல்போனைத் தூக்கிக் கிளியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"நானும் இத்தனை வருஷமா இங்கதான் இருக்கேன். என்னை ஒருத்தர் போட்டோ எடுத்ததில்லை. உள்ளூர்னா அப்படித்தான். சரி, உங்கப்பா அம்மா எங்கேருந்து வந்தாங்க?"

"கூண்டுலேருந்து தப்பிச்சு வந்தாங்க."

"கூண்டு எந்த ஊரு?"

"கும்பகோணத்துல செஞ்ச பித்தளைக் கூண்டுன்னு அம்மா சொல்வாங்க."

மைனாவின் முகம் மலர்ந்தது. "அட, கும்பகோணமா? நமக்கும் அந்தப் பக்கம்தான். இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

கூண்டு எப்படி ஊராகும் என்று கேட்கக் கிளி வாயைத் திறந்தது. வயிற்றில் முட்டை அசைந்தது. வாயை மூடிக்கொண்டு பொந்துக்குள் போனது.